இசைத்தட்டும் ஏடும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மூணாற்று அன்பர்களுக்குத் தனியே ஒரு சொல் கூற வேண்டும். அவர்கள் மறையூர், சின்னாறு வழியாக மலையிறங்கி, உடுமலையையும் பொள்ளாச்சியையும் கடந்து, நம் சிற்றூர் வட்டத்திற்குள் வந்து சேர்ந்தார்கள். கேரளத்தில் புறப்பட்டு, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மீண்டும் கேரளத்தில் வந்து இறங்கினார்கள். எல்லையோரத்து மக்களாகிய நம் வாழ்வு எத்தகையது என்பதை விளக்க இந்தப் பேருந்துப் பயணம் ஒன்றே போதும்.

'இசைத்தட்டும் ஏடும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "இரண்டும் செத்துப்போன சரக்கு ஆயிற்றே! இரங்கற் கூட்டமா நடத்தப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் நகைச்சுவைக்காகக் கேட்டார். ஆயினும் இரங்கற் கூட்டத்திற்கு இப்போது தேவை இல்லை. செத்ததாக நாம் எண்ணிய இசைத்தட்டு உலகின் பல நகரங்களில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறது.

எடிசன் 1877ஆம் ஆண்டில் மனிதக் குரலை உருளையில் பிடித்தார். பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் அதைத் தட்டையான தட்டில் பதிக்கும் வழியைக் கண்டார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைத் தட்டில் எடுத்தார்கள். அக்காலத்துத் தட்டு அரக்கால் ஆனது. மரக்கிளையில் சிறு பூச்சி சுரக்கும் அதே அரக்குத்தான். கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடப் பாட்டு. அத்துடன் ஊசியை மாற்ற வேண்டும், பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். 1948இல் வினைல் என்னும் பொருளால் ஆன நீண்ட இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் பாடிற்று. நம் பெரியவர்கள் எல்லாவற்றையும் 'பிளேட்' என்றே அழைத்தார்கள்.

பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, கைபேசி வந்தது. தட்டு பரணில் ஏறியது. ஆனால் 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளின் எண்ணிக்கையை விஞ்சிற்று. 1987க்குப் பிறகு இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. ஏறத்தாழ நான்கு கோடியே பத்து இலட்சம் தட்டுகள்! வாங்கியவர்களுள் மிகப் பலர் தட்டுக் காலத்தைக் கண்ணால் காணாத இளைஞர்கள். சுழற்றிக் கேட்கப் பெட்டி இல்லாமலே தட்டை வாங்கிச் சுவரில் மாட்டுவோரும் உளராம். சாமி படத்தைப்போல் பாட்டையும் மாட்டுகிறார்கள் என்க.

இதை வெறும் பகட்டு என்று தள்ளுவோர் உளர். பகட்டும் ஓரளவு உண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் பகட்டு மட்டுமே என்றால் இத்தனை ஆண்டு நிலைத்திராது. கைபேசியில் கோடிக் கணக்கான பாட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் முழுமையாகக் கேட்கிறோமா? பல்லவி முடியுமுன் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது. தட்டு அப்படித் தாவ விடாது. எழுந்து சென்று, உறையிலிருந்து எடுத்து, தூசு துடைத்து, ஊசியை மெல்ல வைத்து, பின்பு உட்கார வேண்டும். உட்கார்ந்தவன் கேட்டே தீர வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. செங்கோட்டை கிட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். அவர் பிறந்த செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே அவரும் நம்மைப்போல் எல்லையோரத்தவரே. 1933இல், முப்பது வயது நிரம்புமுன் மறைந்தார். பேசும்படத்தில் நடித்தவர் அல்லர். அவர் நாடகத்தைக் கண்டவர் இன்று எவரும் இலர். ஆயினும் அவர் குரல் இருக்கிறது. எதனால்? வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அரக்குத் தட்டுகளால். கம்பெனி மூடலாம், கடை மூடலாம். வாங்கியவன் வீட்டில் தட்டு இருந்தால் குரலும் இருக்கும்.

நம் மண்ணுக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள உறவு சிறிதன்று. இதே சிற்றூரில் 1934இல் பிறந்தவர் பி. லீலா. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் புதிய பெண் குரல் தேடியபோது சிறுமியாய்ச் சென்னை சென்றார். 1947இல் 'கங்கணம்' படத்தில் பாடினார். 'மிஸ்ஸியம்மா'வில் அவர் பாடியதைக் கேளாத தமிழ் வீடு உண்டோ? அவர் பாடிய நாராயணீயத்தைக் கேளாத மலையாள வீடுதான் உண்டோ? இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன். மைக் செட்டுக்காரர் தகரக் குழலை மரத்தின்மேல் கட்டி, விநாயகர் பாட்டில் தொடங்கினாரானால், நள்ளிரவுவரை ஒலித்தவற்றுள் பெரும்பகுதி விசுவநாதன் இசைதான். தேயிலைத் தோட்டத்து லயங்களில் திருமணம் என்றால் அக்குழலின் ஒலி எதிர்மலையில் மோதித் திரும்பும். இரண்டு முறை கேட்கலாம், ஒரு காசு கூடுதல் இல்லாமல்!

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாருங்கள். அதை எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர்; திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். 1891இல் அச்சான அவருடைய 'மனோன்மணீயம்' நாடகத்தில் உள்ளது அப்பாட்டு. 1970இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றபோது மெட்டமைத்தவர் எலப்புள்ளி விசுவநாதன். எழுதியவரும் இசை கொடுத்தவரும் இன்றைய கேரள மண்ணில் பிறந்தோர்! நம் பிள்ளைகள் அதைப் பாடும்போது கடன் வாங்கிய பாட்டைப் பாடுவதாக எண்ண வேண்டா.

இனி நான் சொல்லப்போவதை யாரும் குறையாகக் கொள்ளாதீர்கள்.

இவ்விழாவின் தொடக்கத்தில் ஐந்து சிறுமியர் மேடைக்கு வந்து அவ்வாழ்த்தைப் பாடினார்கள். சுருதி விலகவில்லை; சொல் பிசகவில்லை. நாம் அனைவரும் கைதட்டினோம். நடுவில் நின்ற சிறுமியின் கையில் ஒரு தாள் இருந்தது. இறங்கி வந்தபோது அதை வாங்கிப் பார்த்தேன். பாட்டு முழுவதும் மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

"பாட்டை எங்கே கற்றுக்கொண்டாய், அம்மா?" என்றேன்.

"போனில் கேட்டுக் கேட்டுப் படித்தேன், தாத்தா."

"எழுதியது யார்?"

"நானேதான் எழுதினேன்!" என்றாள். அவள் முகத்தில் எத்துணைப் பெருமை! அந்தப் பெருமைக்கு அவள் உரியவளே. தானே கேட்டு, தானே எழுதி, தானே பாடியிருக்கிறாள். மலையாளத்தில் ழகரமும் றகரமும் உள்ளமையால் ஒலியும் பிழைபடவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் தமிழ்த்தாயின் பாடு என்னவாகியிருக்குமோ, நான் அறியேன்.

அன்பர்களே! அவள் காதில் தமிழ் இருக்கிறது, நாவிலும் இருக்கிறது. கண்ணில் இல்லை. கைபேசி அவளுக்குப் பாட்டைத் தந்தது, எழுத்தைத் தரவில்லை. அவள் ஒருத்தி மட்டுமா? நம் குடியிருப்பில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் தமிழில் பேசுகிறார்கள், தமிழ்ப் படம் பார்க்கிறார்கள், ஆனால் நாட்காட்டித் தாளைக் கிழித்தால் அதிலுள்ள இரண்டு வரியைப் படிக்க முடியாமல் நிற்கிறார்கள்? அவரவர் வீட்டை அவரவர் எண்ணிக்கொள்ளுங்கள். பள்ளியில் மலையாளம் கற்கிறார்கள், கற்கத்தான் வேண்டும். நமக்குச் சோறு போடும் நாட்டின் மொழி அது. அதற்காகத் தமிழெழுத்தை இழக்க வேண்டும் என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை. கேளாமலே இழந்துகொண்டிருக்கிறோம்.

என் அன்னையார் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். பக்கத்து வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. மாலையில் வேலை முடிந்து பெண்கள் அங்கே கூடுவார்கள். கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகம் ஒன்று அன்னையார் கையில் இருக்கும். உங்களில் முதியோர் அதை அறிவீர்கள்: மட்டமான தாள், நடுவில் ஒரே கம்பி, கதைச் சுருக்கம் பாதியில் நின்று மிச்சத்தை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். தட்டு சுழலும், என் அன்னையார் ஒவ்வொரு சொல்லின்கீழும் விரலை நகர்த்துவார். பாட்டு விரலை முந்திவிட்டால், "ஊசியைத் திரும்ப வையுங்கள், அக்கா" என்பார். ஒரே பாட்டு, ஐந்து முறை, பத்து முறை. காதுக்குத் தெரிந்த சொல் கண்ணுக்கும் தெரியத் தொடங்கிற்று. ஓராண்டுக்குள் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படித்தார். அதன்பின் பக்கத்து வீடுகளின் கடிதங்களும் அவரிடம் வந்தன. இன்னார் வீட்டில் என்ன சங்கதி என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது!

தட்டு ஒலியை மட்டும் தந்தது. பக்கத்தில் ஏடு இருந்தமையால் அது பள்ளிக்கூடமாயிற்று.

ஏட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்திய மொழிகளுள் தன் எழுத்திலேயே முதலில் அச்சேறியது தமிழ். அது எங்கே நிகழ்ந்தது? சென்னையிலா? மதுரையிலா? இல்லை; கொல்லத்தில்! 1578 அக்டோபர் மாதத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூல் அங்கே அச்சாயிற்று. அண்டிரிக் அடிகளார் என்னும் போர்ச்சுகீசியத் துறவி அதைத் தமிழில் தந்தார். அடுத்த ஆண்டே கொச்சியில் மற்றொரு தமிழ் நூல் அச்சாயிற்று. கொல்லத்து நூலின் படி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நாம் குடியேறி வாழும் இந்நாட்டில் தமிழ் அச்சு நமக்கு மிக முன்னரே குடியேறிவிட்டது.

அச்சிட்ட தாளின் பெருமை என்ன? விற்றவன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 2009ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. அமேசான் நிறுவனம் தன் மின்படிப்பானில் விற்ற சில நூல்களுக்கு உரிமைச் சிக்கல் எழுந்தது. உடனே விற்ற படிகளைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தது, நூலைக் காணவில்லை. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. ஆட்சியாளர் பழைய ஏடுகளை அழித்து வரலாற்றை மாற்றுவதைக் கூறும் நாவல் அது! கடைக்காரர் இரவில் வந்து நம் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சென்றால் சும்மா இருப்போமா?

ஏடு நமக்குச் சுவைக்காக மட்டும் வேண்டுவதன்று. தேயிலை மலையிலிருந்து வந்தவர்கள் இதை என்னைவிட நன்கு அறிவார்கள். பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளிவந்தது. அந்நாளுக்கு முன்பே தம் முன்னோர் இங்கே குடியிருந்தனர் என்று காட்டினால்தான் இங்கே சாதிச் சான்றிதழ் கிடைக்கும் என்கிறார்கள். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளை கல்லூரியில் சேர வேண்டுமானால், பாட்டனாரின் பெயர் எழுதிய பழுப்பேறிய தாள் ஒன்று வேண்டும். பாட்டனார் தகரப் பெட்டியில் தாளைப் பூட்டி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை படித்தான். அடுப்பெரிக்கப் பயன்படுத்திய வீட்டுப் பிள்ளை அலுவலக வாசலில் நின்றான்.

அன்றியும், 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு விண்ணப்பம் எழுத இடம் தந்திருக்கின்றன. உரிமை ஏட்டில் உள்ளது. அதைக் கொண்டு மனு எழுதும் கை அடுத்த தலைமுறையில் யாருடையது? மேடையில் பாடிய அந்தச் சிறுமியின் கையாக அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நிற்க. நான் கைபேசிக்குப் பகைவன் என்று இளைஞர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இல்லை. தாளும் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. ஒரே படியாய் இருந்த ஏடுகள் போயின, போயினவே. பிற்காலத்தில் ஈழத்துத் தமிழர் 'நூலகம்' என்னும் பெயரிலேயே இணையத்தில் நூல்களைப் படியெடுத்துத் தொகுத்து வருகிறார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் சங்க இலக்கியத்தை உலகெங்கும் காசில்லாமல் படிக்க வைத்தார்கள். நம் கண்முன்னே, 2020 ஆகஸ்டில், பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது உயிர்கள்! அவர்களோடு அவர்கள் தகரப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. அந்த வீட்டார் ஒருவர்முன் நின்று தாளின் பெருமையைப் பேச என் நா எழாது. ஆகவே வீட்டிலுள்ள பழைய தாள்களைக் கைபேசியில் படமெடுத்து உறவினர் இருவருக்கேனும் அனுப்பி வையுங்கள். தாளையும் விடாதீர்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும்.

சங்கச் செயற்குழுவில் இவ்வாண்டு ஒரு வாதம் நடந்தது. மலரை அச்சிட வேண்டுமா? கைபேசியில் அனுப்பிவிட்டால் காகிதச் செலவு இல்லையே என்று இளைஞர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான், அச்சுக்கூலி ஏறியிருக்கிறது, சந்தா ஏறவில்லை. நான் ஒன்றே சொன்னேன்: "சென்ற ஆண்டு நீங்கள் அனுப்பிய வாழ்த்துமடலைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்." ஒருவராலும் இயலவில்லை. கைபேசி மாறியிருந்தது, நினைவகம் நிரம்பி அழித்திருந்தார்கள். ஆனால் சங்கத்தின் பழைய மலர்கள் அலமாரியில் இருந்தன. கரையான் சற்றே சுவைபார்த்த ஓரங்களோடு. எடுத்துப் பிரித்தோம். ஒருவர் தம் தந்தையார் சிறுவனாக நிற்கும் புகைப்படத்தைக் கண்டார். வாதம் அத்துடன் முடிந்தது. மலர் அச்சாயிற்று; படியெடுத்துக் கைபேசியிலும் அனுப்புகிறோம்.

அச்சில் இம்முறை ஒரு புதுமை செய்திருக்கிறோம். கடைசி நான்கு பக்கங்களைப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தும் பிள்ளைப் பாட்டுகள் சிலவும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. கண்ணாடி போடாமல் நானே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து. வாரந்தோறும் சனிக்கிழமை மாலையில் இந்த மன்றத்தில் பிள்ளைகள் கூடுவார்கள். பாட்டைக் கேட்பார்கள், விரலை வைத்துத் தொடர்வார்கள், கேட்பார்கள், தொடர்வார்கள். கற்பிக்க இரண்டு சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள். இதில் நம் மலையாள அண்டை வீட்டாரைப் பார்த்துக் கற்கலாம். 1945இல் பி. என். பணிக்கர் திருவிதாங்கூரில் நூலகச் சங்கம் தொடங்கி, ஊர் ஊராய்ப் படிப்பகம் எழச் செய்தார். அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. அடுத்த வாசிப்பு நாளன்று நம் பிள்ளைகள் இரண்டு எழுத்திலும் படித்துக் காட்டட்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, பதிவுசெய்த இசையை ஒலிக்கவிடாமல் வாயாலேயே பாட வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு சொல்லிற்று. இவ்வளவு நேரம் தட்டைப் புகழ்ந்த எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆகவே விழாவில் வாய்ப்பாட்டு. சனிக்கிழமை வகுப்பில் தட்டு.

தட்டா, கைபேசியா என்று கேட்கலாம். அன்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து பெட்டியையும் ஒரு கட்டுத் தட்டுகளையும் சங்கத்திற்குத் தந்திருக்கிறார். கோயமுத்தூரில் பழுதுபார்த்து, புது ஊசியும் வாங்கி வந்திருக்கிறோம். அதோ, மேடையின் ஓரத்தில் சிவப்புத் துணியால் மூடியிருப்பது அதுதான். என் பேச்சு முடிந்ததும் அதைத் திறக்கப் போகிறார்கள். முதலில் வைக்கப்போவது சிற்றூர் லீலா பாடிய தட்டு. பிள்ளைகளே, முன்வரிசைக்கு வாருங்கள். மலரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மட்டும் தொடாதீர்கள். மலையாள எழுத்தில் எழுதி வந்தாளே அந்தச் சிறுமி, அவள் எங்கே? இங்கே வா, அம்மா. சாவி கொடுப்பது நீதான்.